ஃபிரிட்ஜ் அட்டை

முதல் சொட்டைப் பார்த்தது நான் இல்லை.
நாய்க்குப் பால் வைக்க வந்த அம்மா.
போட் கிளப் வீட்டு போர்ட்டிகோவில்
வெள்ளைக் கல்மேல்
ஒரு ரூபாய் அகலத்துக்குக் கறுப்பு.

முதலாளிக்குக் கல் வியாபாரம்.
அது எந்த நாட்டு மலை, எந்த மாதம் கப்பல் ஏறியது என்று
வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வார்.
அன்றைக்கு என்னிடம் கேட்டது:
"ஏகாம்பரம், வண்டியை எங்கே இடிச்சே?"

எங்கேயும் இடிக்கவில்லை.
சொன்னேன்.
ஈ.சி.ஆர். வேகத்தடை ஒன்றை அவரே ஞாபகப்படுத்தினார்.
கல்லைத் தேய்க்க வந்தவன் கூலி நாலாயிரம்
என் சம்பளத்தில் போனது.
கறை போகவில்லை.

புது ஃபிரிட்ஜ் வந்த அட்டையைப் பிரித்து
ராத்திரி வண்டிக்கு அடியில் விரித்தேன்.
காலையில் எடுத்து வெயிலில் பார்ப்பேன்.
மூன்று சொட்டு.
மாமல்லபுரம் போய்வந்த அன்று பதினொன்று.
வண்டி நகராத ஞாயிறு, ஒன்றுகூட இல்லை.
பக்கத்தில் பேனாவால் தேதி போட்டேன்.

கம்பெனி சர்வீஸில் காப்பி கொடுத்தார்கள்.
டை கட்டிய பையன் குனிந்து பார்த்து
இஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடம் என்றான்,
பின்பக்க சீல் போயிருக்கிறது என்றான்,
கியர்பாக்ஸையே இறக்கணும்,
மூன்று லட்சத்து நாற்பது.
"அடிபட்டிருக்குமா?"
"இருக்கலாம் சார்."
அந்த இருக்கலாம்
கத்திப்பாரா இறங்கும்வரை
என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தது.

ஈக்காட்டுத்தாங்கல், லேத் பட்டறைகளுக்குப் பின்னால்
ஷேக் பரீதின் ஷெட்.
அட்டையைக் கொடுத்தேன்.
ஜாதகம் மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"சொட்டற இடம் வேற, கசியற இடம் வேற.
மொதல்ல கழுவணும். அழுக்குல எதுவும் தெரியாது."

அடிக்கவசம் கழன்றது.
பழுத்த வேப்பிலை, மணல்,
எண்ணெயில் ஊறிய ஒரு பால் பாக்கெட்.
மருந்தடித்துக் கழுவி, காற்றடித்துக் காயவைத்து,
தன் குழந்தையின் பவுடர் டப்பாவை எடுத்துவந்து
இஞ்சின் முழுக்கத் தூவினான்.
அவ்வளவு விலையுள்ள இரும்பு
குளித்து முடித்த பிள்ளை போல் மணந்தது.

"ஏர்போர்ட் வரைக்கும் போய்ட்டு வா. மெதுவா வேணாம்."

திரும்பி வந்து லிஃப்டில் ஏற்றினோம்.
பவுடரில் ஒரு ஈரக்கோடு.
கீழிருந்து மேலே விரலால் தொடர்ந்தான்:
கியர்பாக்ஸ் விளிம்பு, இஞ்சின் முதுகு,
ஆயில் ஃபில்டர் உட்காரும் வீட்டுக்கு அடியில்
கோடு நின்றது.
கழற்றியதும் கேஸ்கெட் கையோடு வந்தது.
ரப்பராக இருந்தது
அப்பளமாக ஒடிந்தது.

முடிந்தது என்று நினைத்தேன்.
அவன் இஞ்சினை ஓடவிட்டு ஆயில் மூடியைத் திறந்து
வாய்மேல் ஒரு பழைய பில்லை வைத்தான்.
பில் எகிறிப் பறந்து என் செருப்பில் விழுந்தது.
"உள்ள மூச்சு முட்டுது. வால்வு அடைச்சிருக்கு.
இத வுட்டுட்டு அத மாத்தினா
ஆறு மாசத்துல வேற எடத்துல கக்கும்."

இரண்டையும் மாற்றினான்.
டார்க் ரெஞ்ச் ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஒரு தடவை
டக் என்றது.
இருபத்தாறாயிரத்து எண்ணூறு.
"அடியா?" என்று போனில் முதலாளி.
ஸ்பீக்கரில் பரீத் சொன்னான்:
"வயசு சார். சூடு. அடியெல்லாம் இல்ல."
"ஓ" என்றார்.

பன்னிரண்டு நாளாக அட்டை சுத்தம்.
நாலாயிரத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.
நானும் பேசவில்லை.
தினம் ராத்திரி கேமராவை நம்பாமல்
கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து
கறை சரியாக வண்டிக்கு அடியில் போகும்படி நிறுத்துவேன்.

நேற்று இரண்டடி தள்ளி நிறுத்தினேன்.
விருந்தாளிகள் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.
முதலாளி அந்த மலையின் பெயரை
அப்போதுதான் சொல்ல ஆரம்பித்திருந்தார்.